மீந்துபோன பைப் புகையிலையைச் சுவைக்காக மறுபடி பயன்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டின் தீரும் தறுவாயில் அடியில் ஒரு பிடி தூள். திறந்து வைத்து மறந்ததில் சருகாகிவிட்ட பாதிப் பொட்டலம். ஒருமுறை புகைத்துப் பார்த்து ஒத்துவராமல் ஒதுக்கிய மாதிரிப் பை. புகைத்து முடித்ததும் பைப்பின் அடியில் ஒட்டிக்கிடக்கும் கறுப்புக் கசடு. பைப் புகைப்பவர்கள் மிச்சம் என்று சொல்வது இந்த நான்கையும்தான். முதல் மூன்றையும் நான்காவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவதால்தான் இவ்வளவு குழப்பம். தீப்படாத இலையில் சுவை இன்னும் இருக்கிறது. அதை மீட்கலாம், கலக்கலாம், பதப்படுத்தலாம். தீப்பட்ட கசடில் சுவை என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையை ஒட்டியே போகின்றன.

இது ஏற்கெனவே பைப் புகைக்கும் பெரியவர்களுக்காக எழுதியது. புதிதாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் வேண்டுகோள், தொடங்காதீர்கள். உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பைப் புகையையும் சேர்த்தே புகையிலைப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் உதடு, நாக்கு, தொண்டைக்கு ஆபத்து உண்டு. வீட்டில் கலந்ததாலோ மீந்ததைப் பயன்படுத்தியதாலோ அந்த ஆபத்து ஒரு துளியும் குறையாது.

பைப்பின் அடியில் கசடு எப்படிச் சேர்கிறது?

புகையிலை எரியும்போது நீராவி உண்டாகிறது. இலையில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் ஒரு பங்கு, எரிவதால் புதிதாக உருவாகும் நீர் இன்னொரு பங்கு. நாம் இழுக்கும்போது அந்த ஆவி கீழ்நோக்கி, இன்னும் எரியாத இலைக்குள் புகுந்து வருகிறது. மேலே தணல், கீழே குளிர்ந்த இலை. அங்கே ஆவி குளிர்ந்து நீராகிறது. அதோடு தாரும் நிக்கோடினும் இறங்கி அடி இலையில் படிகின்றன. ஒவ்வொரு இழுப்பிலும் அடி இலை ஒரு வடிகட்டியின் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. முக்கால்வாசி எரிந்து முடிகிற நேரத்தில் அது நனைந்து கறுத்துவிடும். அதற்குப் பிறகு தணல் பிடிக்காது.

ஒவ்வொரு முறையும் கசடு நிறைய மிஞ்சினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: புகையிலை ஈரமாக இருக்கிறது, பைப்பின் கிண்ணத்தில் இறுக்கி அடைத்திருக்கிறீர்கள், அல்லது அவசர அவசரமாக இழுக்கிறீர்கள். வெனிலா, செர்ரி போன்ற வாசனை ஏற்றிய கலவைகளில் இது அதிகம். அவற்றில் பலவற்றுக்குப் புரோப்பிலீன் கிளைகால் சேர்ப்பார்கள். அது ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். புகைப்பதற்கு முன் தேவையான அளவை மட்டும் ஒரு காகிதத்தில் பரப்பி அரைமணி நேரம் உலரவிட்டால் கசடு வெகுவாகக் குறையும். மீந்ததை என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது நல்ல சிக்கனம்.

அந்தக் கசடைக் காயவைத்து மறுபடி புகைத்தால் சுவை அழுத்தமாக இருக்கும் என்கிறார்களே?

காரமாக இருக்கும். அந்தக் காரத்தைச் சுவை என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது. இலையின் இனிப்பு, பழவாசனை, மண்வாசனை எல்லாம் எளிதில் ஆவியாகிற பொருட்களிலிருந்து வருகின்றன. தணலின் சூடு பட்டதுமே அவை போய்விடும். எளிதில் ஆவியாகாத கனமான தாரும், மேலிருந்து வந்து படிந்த நிக்கோடினும், சாம்பலின் உப்புகளும்தான் அடியில் தங்குகின்றன. காயவைப்பதால் நீர் மட்டும் போகிறது, மற்றதெல்லாம் இன்னும் செறிவாகிறது. புகைத்தால் நாக்கு காந்தும், தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். பைப்பின் தண்டிலும் கசப்பு ஏறிவிடும். அதை எடுக்க ஒரு வாரம் ஆகும்.

அதனால் என் பதில் ஒரே சொல்: கொட்டிவிடுங்கள். சேர்த்து வைக்காதீர்கள், நல்ல புகையிலையோடு கலக்காதீர்கள். ஒரு விரல் நுனியளவு கசடு ஒரு ஜாடிப் புகையிலையையும் பழைய சாம்பல்கிண்ணம்போல நாறவைத்துவிடும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் அப்படித்தான் செய்வாராமே?

ஆமாம். ஆர்தர் கோனன் டாயில் 1892-இல் வெளியிட்ட கதை ஒன்றில் அவர் முந்தைய நாள் மிச்சங்களை உலர்த்திச் சேர்த்துவைத்து, காலை உணவுக்கு முன் புகைப்பதாக வருகிறது. அந்த மனிதரின் விசித்திரக் குணத்தைக் காட்ட எழுதப்பட்ட வரி அது. சுவைக்கான செய்முறையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாதியில் அணைத்துவைத்த பைப்பைச் சில மணிநேரம் கழித்துப் பற்றவைக்கிறேன். அதுவும் கசடு புகைப்பதுதானா?

இல்லை. இது வேறு பழக்கம், இதை விரும்பிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். கிண்ணத்தில் பாதிக்கு மேல் எரியாத இலை இருக்கும்போது அணைத்து வைக்கிறீர்கள். ஈரம் கொஞ்சம் வெளியேறுகிறது, தாரின் எண்ணெய்ப் பசை எஞ்சிய இலையில் பரவுகிறது. மறுபடி பற்றவைக்கும்போது புகை கனமாக, இனிப்புக் குறைந்து, கருகிய வாசனையோடு வரும். மரப்புகை மூட்டம் போட்ட லடாக்கியா இலை கலந்தவை, புளிக்கவைத்த பெரீக் இலை கலந்தவை, அழுத்திக் கட்டியாக்கித் தகடாக வெட்டிய பிளேக் வகைகள் இதைத் தாங்கும். வாசனை ஏற்றிய கலவைகள் தாங்காது, மறுநாள் புளித்துக் கசக்கும்.

செய்வதானால் அணைந்ததும் மேலே உள்ள சாம்பலை மெதுவாகத் தட்டி எடுத்துவிடுங்கள். தண்டுக்குள் குழாய்த்துடைப்பானை ஒருமுறை விட்டு ஈரத்தை எடுங்கள். அதே நாளிலேயே முடித்துவிடுங்கள். நாள்கணக்கில் போட்டுவைத்தால் ஈரமும் தாரும் கிண்ணத்தின் மரத்தில் ஊறும்.

டின்னின் அடியில் மிஞ்சும் தூளை என்ன செய்வது?

தூள் என்பதால் அதை மட்டமாக நினைக்க வேண்டாம். அது அதே இலைதான், நொறுங்கியிருக்கிறது, அவ்வளவே. தனியாக அடைத்துப் புகைத்தால்தான் தொல்லை. காற்றுப் போக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் குப்பென்று எரிந்து நாக்கைச் சுடும். தண்டுக்குள்ளும் இழுபட்டு வரும்.

அதற்கு மிக நல்ல இடம் கிண்ணத்தின் மேல்பகுதி. பிளேக்கை மடித்து அடைப்பவர்களுக்கு மேல்புறம் சட்டென்று தீப்பிடிக்காது. மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிப் பற்றவைத்தால் தீ சீராக இறங்கும். பெரிய துண்டுகளாக வெட்டிய கலவைகளுக்கும் இது பொருந்தும். கிண்ணத்தின் அடியில் மட்டும் போடாதீர்கள், காற்றுத் துளை அடைபட்டுவிடும். மாவுபோல் பொடிந்ததைச் சல்லடையில் சலித்து எறிந்துவிடுங்கள். அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

தூள் நிறையச் சேர்ந்துவிட்டால் அழுத்திக் கட்டியாக்கலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சருகாகிவிட்ட புகையிலையை மீட்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். பைப் புகையிலைக்கு ஏற்ற ஈரம் எடையில் சுமார் 12 முதல் 16 விழுக்காடு. கருவி எதுவும் வேண்டாம். ஒரு சிட்டிகையை விரல்களுக்கு நடுவே அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. அமுக்கிய வடிவிலேயே கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பக்குவம்.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 50 கிராம் புகையிலை 8 விழுக்காடு ஈரத்துக்குக் காய்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதில் இலை மட்டும் 46 கிராம். ஈரம் 13 விழுக்காடு ஆக வேண்டுமென்றால் மொத்த எடை 53 கிராமை ஒட்டி வந்தால் போதும். ஆக, நீங்கள் சேர்க்க வேண்டியது வெறும் 3 மில்லி தண்ணீர். ஒரு தேக்கரண்டி கூட இல்லை. பெரும்பாலானோர் கெடுப்பது இந்த இடத்தில்தான். கைநிறையத் தெளித்துவிட்டு, பிறகு பூஞ்சை பிடித்துவிட்டது என்று வருந்துகிறார்கள்.

செய்முறை எளியது. அகலமான கிண்ணத்தில் புகையிலையை உதிர்த்துப் பரப்புங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து, கிண்ணத்தின் வாய்மேல் இழுத்துக் கட்டுங்கள். துணி புகையிலையைத் தொடக்கூடாது. இரண்டு மணிக்கொருமுறை கிளறிவிட்டு விரலால் சோதியுங்கள். பக்குவம் வந்ததும் ஜாடியில் போட்டு மூடி, ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். ஈரம் எல்லா இலைக்கும் சமமாகப் பரவ அந்த நேரம் தேவை. அவசரமில்லாதவர்கள் ஜாடிக்குள் 62 அல்லது 65 விழுக்காடு ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்றைப் போட்டுவைக்கலாம். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் கெடாது.

ஆப்பிள் துண்டோ உருளைக்கிழங்குத் தோலோ போட்டுவைக்கலாமா?

வேண்டாம். இலை மென்மையாவது உண்மைதான். ஆனால் வெட்டிய பழம் பூஞ்சைக்கு விருந்து. ஓரிரவில் எடுத்துவிடுவேன் என்று போட்டுவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

மீட்ட பிறகு பழைய வாசனை அப்படியே திரும்புமா?

இலையின் சொந்தச் சுவை பெரும்பாலும் திரும்பும். ஏற்றிய வாசனை திரும்பாது. ஆலைகளில் இரண்டு கட்டமாகச் சுவை சேர்க்கிறார்கள். முதலில் சர்க்கரை, அதிமதுரம், கோகோ போன்றவற்றைக் கரைத்த பாகில் இலையை ஊறவைப்பார்கள். இது இலைக்குள் இறங்கிவிடும். வேலை முடியும் நேரத்தில் மேலே ஒரு வாசனையைத் தெளிப்பார்கள். டின்னைத் திறந்ததும் முகத்தில் வீசுவது இதுதான், முதலில் பறந்துபோவதும் இதுதான். அதனால் காய்ந்துபோன, வாசனை ஏற்றாத வர்ஜீனியா இலையை மீட்டால் மனம் நிறையும். காய்ந்துபோன செர்ரிக் கலவையை மீட்டால் சாதுவான, இனிப்பு மங்கிய புகையிலை கிடைக்கும். அதையும் வீணாக்க வேண்டியதில்லை. கலவைக்கு அடித்தளமாக அது நன்றாகவே பயன்படும்.

எந்த மிச்சத்தை எதோடு கலப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் பலரும் இங்கே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். மீந்ததையெல்லாம் ஒரே ஜாடியில் கொட்டி, வருவது வரட்டும் என்று விடும் பழக்கம் உண்டு. சில நேரம் அற்புதமாக அமையும். பெரும்பாலும் எல்லாம் கலந்து எதுவும் தெரியாத ஒரு பழுப்புச் சுவைதான் மிஞ்சும். இலைகளின் இயல்பு தெரிந்தால் அந்த விபத்தைத் தவிர்க்கலாம்.

வர்ஜீனியா சூடான காற்றில் பதப்படுத்தப்படுவது, சர்க்கரை மிகுந்தது. வைக்கோல், எலுமிச்சை, புதிய ரொட்டி போன்ற வாசனைகள் இதிலிருந்து வரும். கலவையில் இனிப்பும் கனமும் தருவது பெரும்பாலும் இதுதான். வேகமாக இழுத்தால் நாக்கைச் சுடும். பர்லி காற்றில் உலர்த்தப்படுவது, சர்க்கரை மிகக் குறைவு. கொட்டைப் பருப்பும் கோகோவும் கலந்த வாசனை. எந்தச் சுவையைத் தந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் வாசனைக் கலவைகளுக்கு இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வர்ஜீனியா சுடுகிறது என்றால் கொஞ்சம் பர்லி சேருங்கள், சாந்தமாகிவிடும். கேவண்டிஷ் என்பது இலை வகையின் பெயராக இல்லாமல் பதப்படுத்தும் முறையின் பெயராக வழங்குகிறது. ஆவியில் வேகவைத்து அழுத்திக் கறுக்கவைத்தது. மெத்தென்ற புகை, மெல்லிய இனிப்பு. துருத்திக்கொண்டு நிற்கும் கலவையைச் சமன்படுத்த மீந்த கறுப்புக் கேவண்டிஷைப்போல் உதவுவது வேறில்லை.

ஓரியன்டல் வகைகள் துருக்கி, கிரேக்கம், பால்கன் பகுதிகளின் சிற்றிலைகள், வெயிலில் உலர்பவை. மசாலா வாசனையும் லேசான புளிப்பும் உண்டு. லடாக்கியாவும் அந்தக் குடும்பத்து இலைதான், ஆனால் மரப்புகையில் வாரக்கணக்கில் மூட்டம் போட்டது. சிரியாவின் துறைமுக நகரத்துப் பெயர் அதற்கு. பின்னாளில் சைப்ரஸ் தீவிலிருந்து வந்த லடாக்கியாதான் உலகெங்கும் பரவியது. பெரீக் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் விளைவது. விஸ்கி பீப்பாயில் தன் சாற்றிலேயே ஊறும்படி அழுத்தி, ஏறத்தாழ ஓராண்டு புளிக்கவைக்கிறார்கள். மிளகின் காரமும் வேகவைத்த அத்தி, பிளம் பழ வாசனையும் அதில் சேர்ந்து வரும்.

இவற்றில் லடாக்கியாவும் பெரீக்கும் வீரியமானவை. இரண்டும் எதோடு சேர்ந்தாலும் தெரியும். பெரீக் வர்ஜீனியாவோடு சேர்ந்தால் இரண்டுக்கும் அழகு. லடாக்கியா ஓரியன்டலோடும் வர்ஜீனியாவோடும் கச்சிதமாகப் பொருந்தும். லடாக்கியாவை வெனிலாக் கலவையில் கொட்டினால் இரண்டும் கெடும் என்பது பொதுவான எச்சரிக்கை. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் ஏற்றிய வாசனை மங்கிப்போன பழைய கேவண்டிஷில் கொஞ்சம் லடாக்கியா சேர்ப்பது வேறு விஷயம். சுட்ட இனிப்புப்போல ஒரு வாசனை கிடைக்கும். முயன்று பார்க்கத் தகுந்தது.

ஆகவே மிச்சத்துக்கு ஒரே ஜாடி வைக்காமல் நான்கு வையுங்கள். வர்ஜீனியாவும் வர்ஜீனியா-பெரீக்கும் ஒன்றில். லடாக்கியா உள்ளவை ஒன்றில். பர்லி ஒன்றில். வாசனை ஏற்றியவை ஒன்றில். இவற்றோடு, ரோஜா, ஜெரேனியம் போன்ற பூ வாசனையும் டோங்கா விதை வாசனையும் ஏற்றும் ஆங்கில லேக்லேண்ட் வகைகளின் மிச்சம் இருந்தால் அதை எந்த ஜாடியிலும் சேர்க்காதீர்கள். சோப்புப் பெட்டி திறந்ததுபோல் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிடும். அதை விரும்புபவர்கள் தனியாகவே புகைக்கட்டும்.

விகிதம் எப்படி வைப்பது?

சமையலறைத் தராசில் நிறுத்துச் செய்யுங்கள், கண்ணளவு ஏமாற்றும். நாடாபோல் வெட்டியதும் பிளேக்கும் ஒரே எடையில் இருந்தாலும் பார்வைக்குப் பாதியும் முழுதுமாகத் தெரியும். முதல் முயற்சிக்கு 10 கிராம் போதும்.

அடித்தளமாக வர்ஜீனியாவோ பர்லியோ 6 அல்லது 7 கிராம், துணைக்கு ஓரியன்டலோ கேவண்டிஷோ 2 கிராம், வீரியமானதில் 1 கிராம் என்று தொடங்கலாம். பெரீக் 1 கிராமே சிலருக்கு அதிகமாகப் படும். லடாக்கியாவை 3, 4 கிராம் வரை ஏற்றி விரும்புபவர்களும் உண்டு. பிடித்திருந்தால் எழுதிவைத்துக்கொண்டு அளவைப் பெருக்குங்கள். எழுதாமல் கலந்த நல்ல கலவையைத் திரும்பச் செய்யவே முடியாது.

இன்னொன்று, கலக்கப்போகும் மிச்சங்கள் எல்லாம் ஒரே ஈரப் பக்குவத்தில் இருக்க வேண்டும். காய்ந்தது வேகமாக எரிந்து, ஈரமானது அணைந்து, ஒரே கிண்ணத்தில் இரண்டும் சண்டை போடும். ஈரத்தைச் சமப்படுத்திவிட்டுத்தான் கலக்க வேண்டும்.

கலந்த உடனே புகைக்கலாமா?

புகைக்கலாம். ஆனால் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும். மூடிய ஜாடியில் இரண்டு, மூன்று வாரம் விட்டால் வாசனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஜாடியைக் குலுக்கிவிட்டால் போதும். அடிக்கடி திறந்து மோந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வாசனை கொஞ்சம் வெளியே போகிறது.

இன்னும் நெருக்கமாக இணைய வேண்டுமென்றால் அழுத்துங்கள். தூளாகிப்போன மிச்சத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பக்குவமான ஈரத்தைவிடச் சற்றே அதிக ஈரத்தில் கலவையை வைத்து, உள்ளே மெழுகுக் காகிதம் விரித்த சின்ன மரப்பெட்டியில் நிரப்பி, மேலே பொருந்தும் பலகை வைத்து, தச்சர்கள் பயன்படுத்தும் இறுக்கியால் இறுக்குங்கள். நாளுக்கு நாள் கலவை அமுங்கும், இறுக்கியை இன்னும் கொஞ்சம் திருக வேண்டும். ஒன்று, இரண்டு வாரத்தில் கேக்போலக் கட்டியாகிவிடும். வெளியே எடுத்துக் கொஞ்சம் உலரவிட்டு, தேவையான அளவு விரலால் உதிர்த்துப் புகைக்கலாம். தூளாக இருந்தபோது சீறி எரிந்த அதே புகையிலை இப்போது நிதானமாக எரியும். சுவையும் உறுத்தாமல் சீராக வரும்.

வர்ஜீனியா மிகுந்த கலவையை ஓவன் அடுப்பில் சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸில் சில மணிநேரம் வைத்துக் கறுக்கவைப்பவர்களும் உண்டு. புல் வாசனை குறைந்து உலர்பழ இனிப்பு வரும். இறுக மூடிய ஜாடியைச் சூடாக்காதீர்கள், வெடிக்கும். வாயைத் தகட்டுத் தாளால் மூடினால் போதும். உணவு சமைக்கும் அடுப்பில் இதைச் செய்யவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வாசனை எளிதில் போகாது.

மீந்ததில் ரம், விஸ்கி, வெனிலா எசென்ஸ் தெளிக்கலாமா?

ரம்மும் விஸ்கியும் கொஞ்சமாகத் தெளிக்கலாம். 50 கிராமுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். நுண்ணிய துளியாகத் தெளிக்கும் புட்டியில் ஊற்றித் தெளித்து, கிளறி, மூடிவைத்து, மறுநாள் திறந்து ஆல்கஹால் பறக்கவிடுங்கள். தெளித்த கையோடு அருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள். பர்லி இதை நன்றாக வாங்கிக்கொள்ளும். வர்ஜீனியாவில் அவ்வளவாக ஒட்டாது.

வெனிலாவில் ஆல்கஹாலில் எடுத்த சாறு மட்டும், அதுவும் சில சொட்டு. எண்ணெயில் கரைத்த எசென்ஸ்கள் எதுவும் வேண்டாம். எரிந்தால் காந்தும், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். வெண்ணெய்ச் சுவை தரும் எசென்ஸ்களையும் விலக்குங்கள். அவற்றில் சேரும் டைஅசெட்டைலை மூச்சில் இழுத்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு மீளமுடியாத நுரையீரல் நோய் வந்திருக்கிறது. சாப்பிடப் பாதுகாப்பானது என்ற அச்சு இருந்தால் புகைக்கவும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது. தேனும் சர்க்கரைப் பாகும் வீட்டுக் கலவைக்கு வேண்டாம். பிசுபிசுக்கும், பூஞ்சை வரும், பைப்பின் உட்சுவரில் கரிந்து ஒட்டும்.

சுருட்டின் நறுக்கிய துண்டையும் சிகரெட் தூளையும் சேர்க்கலாமா?

பற்றவைப்பதற்கு முன் நறுக்கி எறியும் சுருட்டு முனைகளைச் சேர்த்துவைக்கலாம். பொடியாக வெட்டி பர்லிக் கலவையில் பத்தில் ஒரு பங்கு போட்டால் மண்வாசனையும் பதனிட்ட தோலின் வாசனையும் வரும். புகைத்து மிஞ்சிய சுருட்டுக் கட்டைக்கு மேலே கசடுக்குச் சொன்ன அதே பதில். சிகரெட் தூள் மிக மெல்லியது, பைப்பில் சூடாக எரியும். சேர்ப்பதில் பயனில்லை.

ஜாடியில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பூஞ்சையா?

விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். இலையின் பரப்பில் மினுமினுக்கும் சின்னஞ்சிறு படிகங்கள் என்றால் அது பழைய வர்ஜீனியாவில் வருவது, கெடுதல் இல்லை. பஞ்சுபோல, நூல்நூலாக, இலைக்கும் இலைக்கும் நடுவே படர்ந்திருந்தால் பூஞ்சை. வெள்ளை, பச்சை, சாம்பல் என எந்த நிறத்திலும் வரலாம். ஈரமான நிலவறை நாற்றமும் அடிக்கும்.

பூஞ்சை என்றால் மேலாக எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழு ஜாடியையும் கொட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் எல்லா இலையிலும் இருக்கும், பூஞ்சை நஞ்சு தீயில் முழுதாக அழியும் என்று நம்பவும் முடியாது. ஜாடியைக் கொதிநீரில் கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ரப்பர் வளையத்தை மாற்றிவிடுங்கள்.

கலந்து பார்க்க எந்தப் பைப் நல்லது? பழைய வாசனை ஒட்டிக்கொள்கிறதே.

சோளக்கட்டைப் பைப். விலை குறைவு, பழக்க வேண்டியதில்லை, கலவை சரியாக வராவிட்டால் மனம் நோகாது. கடல்நுரைக்கல் பைப்பில் வாசனை அவ்வளவாகத் தங்காது, அதனால் இரண்டு கலவைகளை ஒப்பிட்டுச் சுவைக்க ஏற்றது. பிரையர் வேர்க்கட்டையில் செய்த பைப்பில் உள்ளே படியும் கரி அடுக்கு வாசனையைப் பிடித்துவைக்கும். லடாக்கியாவும் லேக்லேண்டும் அதில் மாதக்கணக்கில் குடியிருக்கும்.

ஏறிவிட்ட வாசனையைப் போக்க, கரி அடுக்கை மெல்லச் சுரண்டி ஒரு மில்லிமீட்டருக்குக் குறையுங்கள். கிண்ணத்தில் பஞ்சை அடைத்து, வீரியமான ஆல்கஹாலில் நனைத்து ஓரிரவு விட்டு, பிறகு சில நாள் உலர்த்துங்கள். பஞ்சுக்குப் பதில் உப்பு போடும் முறையும் உண்டு. அது மரத்தில் இறங்கி விரிசல் விடலாம் என்பதால் நான் பஞ்சையே பரிந்துரைப்பேன். கடல்நுரைக்கல்லுக்கும் சோளக்கட்டைக்கும் இந்த ஆல்கஹால் வைத்தியம் வேண்டாம்.

மீந்ததை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

இறுக மூடும் கண்ணாடி ஜாடியில், வெயில் படாத, சூடில்லாத இடத்தில், வர்ஜீனியா ஆண்டுக்கணக்கில் இருக்கும். இருக்க இருக்கக் கூர்மை மழுங்கி ஆழம் கூடும். லடாக்கியாவின் புகைவாசனை காலப்போக்கில் தணியும். வாசனை ஏற்றியவற்றை ஓரிரு ஆண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது. ஜிப் பைகளை நம்ப வேண்டாம், அவற்றின் வழியே ஈரமும் வாசனையும் மெல்லக் கசியும். குளிர்பதனப் பெட்டி தேவையில்லை. ஜாடியின்மேல் என்ன கலவை, எந்த மாதம் மூடியது என்று எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து எல்லா ஜாடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

மீந்த புகையிலையைச் சமையலிலோ மதுவிலோ வாசனைக்காகப் போடலாமா?

கூடாது. அடித்துச் சொல்கிறேன். நிக்கோடின் தண்ணீரிலும் கரையும், ஆல்கஹாலிலும் கரையும். இலையை ஊறவைத்தால் வாசனையோடு நிக்கோடினும் இறங்கும், எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. புகையாக மெல்ல மெல்ல உடலில் சேர்வது வேறு, ஒரு மடக்கில் வயிற்றுக்குள் போவது வேறு. வாந்தி, வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று தொடங்கி, வலிப்பும் மூச்சுத் தடையும் வரை போகலாம். புகைவாசனை வேண்டுமென்றால் மரப்புகை போட்ட தேயிலையோ புகையூட்டிய மிளகாய்த்தூளோ போதும்.

செடிகளுக்கு உரமாக, பூச்சி மருந்தாகப் பயன்படுமா?

பூச்சியைக் கொல்லும், உண்மை. நிக்கோடினைப் பூச்சிக்கொல்லியாக விற்ற காலமும் இருந்தது. உங்கள் தோலிலும் அது ஊறும், மனிதர்களுக்கும் கடும் நஞ்சு என்பதால் பல நாடுகளில் கைவிட்டார்கள். போதாக்குறைக்கு, புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையிலும் உயிர்ப்போடு இருக்கும். தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்கு அது தாவும். பைப் புகைத்த கையோடு அந்தச் செடிகளைத் தொடுவதற்கு முன் கைகழுவுவதே நல்லது.

சரி, கசடையும் கெட்டுப்போனதையும் எங்கே கொட்டுவது?

கசடு அணைந்ததுபோல் தெரிந்தாலும் நடுவில் தணல் இருக்கும். முதலில் மூடியுள்ள உலோகக் கிண்ணத்தில் தட்டி, முழுதாக ஆறவிடுங்கள். பிறகு பையில் கட்டி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். தவழும் குழந்தைக்கும் வீட்டு நாய்க்கும் ஒரு சின்ன உருண்டைக் கசடே நஞ்சாகும் அளவு நிக்கோடின் தரலாம், அதனால் சாம்பல்கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். புகையிலை ஜாடிகளையும் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெனிலா வாசனை அடிக்கும் ஜாடி அவர்களுக்குத் தின்பண்டமாகத்தான் தெரியும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்தப் புகையிலை, ஏறக்குறைய எவ்வளவு என்று மருத்துவரிடம் சொல்ல ஜாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.